ஆயில் பைப் புதிதாக மாற்றப்பட்டதா?

1

“டாப் கியர்ல போட்டு, பிரேக்க மிதிச்சிக்கினு கிளட்ச்ச உட்டிருந்தீன்னா வண்டி தானா நின்னுருக்கும்டா.”

“அந்த நேரத்துல அதெல்லாம் எங்கண்ணா தோணுது? சாவி என் கையில கீது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கினு கீது.”

இந்தக் கதை இந்த இரண்டு பேச்சுகளிலிருந்து பிறந்தது. முதலில் பேசியவர் கோதண்டம். கள்ளிக்குப்பத்தில் கார் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருப்பவர், என் கணவர். பதில் சொன்னவன் கோவிந்தன், வாடகைக் கார் ஓட்டுகிறவன். இல்லை, ஓட்டியவன். இடம் ஆவடியில் ஒரு மருத்துவமனையின் முதல் மாடி. நான் பக்கத்தில் நின்று ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோவிந்தனின் வலது கை முழங்கை வரை கட்டுப் போடப்பட்டுத் தலையணை மேல் கிடந்தது. கட்டுக்குள் எத்தனை விரல்கள் மிச்சம் என்று அவனிடம் அன்றுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் கணவர் சொன்னது தொழில்படி சரி. அப்படிச் செய்திருந்தால் வண்டி நின்றிருக்கும். ஆனால் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இதைச் சொல்கிறார் என்றால், அவர் வேறு எதையோ சொல்லாமல் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. முப்பத்தொரு நாவல் எழுதியதில் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

2

நான் குடும்பக் காதல் நாவல்கள் எழுதுகிறவள். என் கதைகளில் பதினொரு முறை கார் பழுதாகி நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மழை பெய்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாயகனும் நாயகியும் ஒரு மூடிய கடையின் கூரைக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒருமுறை நான் ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது என் கணவர் நடுவில் கேட்டார்: வண்டியில் என்ன கோளாறு? சும்மா நின்றுவிட்டது என்றேன். “சும்மா எந்த வண்டியும் நிக்காதுடி” என்றார். அதற்குப் பிறகு நான் அவருக்குப் படித்துக் காட்டுவதில்லை.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: “ஆவணி மாதத்து வெயில் பூந்தமல்லி பைபாஸ் மீது —” என்று ஆரம்பித்தது. வெயிலுக்கு அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

இரண்டாவது: “கள்ளிக்குப்பத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் யாருக்கும் கனவிலும் —” இதுவும் அரைகுறை. படிக்கும்போது, மனைவி கொடுக்கும் நற்சான்றிதழ் போல இருந்தது. இந்தக் கதையில் நான் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். அது பின்னால் வரும்.

மூன்றாவது தொடக்கம் ஒரு கேள்வி மட்டும்: புதிதாகப் போட்ட பாகம் கெட்டுப்போனால் பொறுப்பு யாருடையது? தயாரித்தவரா, விற்றவரா, பொருத்தியவரா, ஓட்டியவரா? வாரண்டி அட்டையில் இதற்குப் பதில் இருக்கிறது. பன்னிரண்டு விதிவிலக்குகளோடு இருக்கிறது. அதைப் படித்தால் பாகம் கெட்டதற்கு அந்தப் பாகத்தைத் தவிர எல்லோருமே காரணமாக இருக்க முடியும் என்று தெரிகிறது.

இந்த மூன்றில் எதையும் வைத்துக்கொள்ளாமல், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

3

கோவிந்தனின் கார் பழைய டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம். இரண்டாம் கையாக வாங்கி, விமான நிலையச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆடி மாதம் அதன் டர்போ போய்விட்டது. டர்போ என்பது நத்தை ஓடு போன்ற ஓர் இரும்புப் பொருள். புகை வெளியேறும் வேகத்தில் உள்ளே ஒரு சக்கரம் சுற்றும். அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். ஒரு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். அவ்வளவு வேகத்தில் அது எரிந்து போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், பென்சில் கனத்தில் ஒரு குழாய் வழியாக அதற்குப் போகும் எண்ணெய்தான். ஆயில் பைப் என்பார்கள்.

பக்கத்து ஊரான பாடியில் இருக்கும் பாபுவின் உதிரிபாகக் கடையிலிருந்து புது டர்போ வந்தது. ஆறு மாத வாரண்டி. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், ஆயில் பைப்பையும் சேர்த்துப் புதிதாக மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. என் கணவர் அந்தத் தாளைப் படிக்கவில்லை. படிக்காமலேயே அவருக்குத் தெரியும். பழைய பைப்பில் கரி படிந்திருக்கும். அந்தக் கரி உதிர்ந்து புது டர்போவுக்குள் போனால் அதுவும் போய்விடும்.

புது பைப் கடையில் இல்லை. சொல்லி வைத்தால் இரண்டு நாளில் வரும். கோவிந்தனுக்கு அன்று மாலையே சவாரி. என் கணவர் இருபது வருடமாகச் செய்வதையே செய்தார். பைப்பை டீசலில் ஊறப்போட்டு, கம்பி விட்டுக் குடைந்து, காற்று அடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

“இது தாங்கும். போதுமாடா, இல்ல ரெண்டு நாள் வண்டிய போட்டுட்டுப் போறியா?”

“போதும்ணா.”

[இந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. விபத்துக்குப் பிறகு என் கணவர் சொல்லித்தான் தெரியும். “ரெண்டு நாள் போட்டுட்டுப் போறியா” என்பதை அவர் அன்றே கேட்டாரா, பிறகு ஞாபகத்தில் சேர்த்துக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் சேர்த்திருக்காவிட்டால் நான் சேர்த்திருப்பேன்.]

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஷெட் இருக்கும் இடம் என் மாமனாரின் நிலமாக இருந்தது. கோவிந்தனின் அம்மா கெங்கம்மாள் அதில் கூலிக்கு நாற்று நட்டவர். நிலம் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, இரண்டு குடும்பங்களும் இப்போது ஒரே ரேஷன் கடை வரிசையில்தான் நிற்கின்றன. ஆனால் ஷெட்டில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கோவிந்தன் பழைய டயரின் மேல்தான் உட்காருவான். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியில் உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. அப்படி உட்காருகிறவன் “போதும்ணா” என்றால் அது அவனுடைய சம்மதமா, மரியாதையா? சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் கேட்டுக்கொள்ளாமல் இருந்தேன்.

4

நாற்பத்து மூன்றாம் நாள்.

காலை பத்து மணிக்கு ஆவடியில் வயதான கணவன் மனைவியை ஏற்றிக்கொண்டு விமான நிலையம் கிளம்பியிருக்கிறான். பூந்தமல்லி பைபாஸில் வண்டி, கால் வைக்காமலேயே வேகம் எடுத்தது. ஓரம் கட்டினான். இரண்டு பேரையும் இறக்கினான், பெட்டிகளையும் இறக்கினான். சாவியைத் திருகி எடுத்தான். இன்ஜின் நிற்கவில்லை.

(என் வாசகிகள் பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். எனக்கும் இருந்தது. சாவியை எடுத்தால் டீசல் வருவதுதான் நிற்கும். டர்போவில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டால் இன்ஜினின் சொந்த எண்ணெயே காற்றோடு உள்ளே போகும். இன்ஜின் அதையே எரித்து ஓடும். எண்ணெய் தீரும்வரை அல்லது வெடிக்கும்வரை ஓடும்.)

வெள்ளைப் புகையில் பின்னால் வந்த லாரிகள் தெரியவில்லை. அந்தப் பெரியவர்கள் இருவரும் சாலையோரம் நின்று ஏதோ கத்தியிருக்கிறார்கள். காற்றை அடைத்தால் இன்ஜின் நிற்கும் என்று கோவிந்தன் எப்போதோ ஷெட்டில் கேட்டிருக்கிறான். என் கணவர் சொல்லித்தான். அதுவும் சரியான விஷயமே. பானெட்டைத் திறந்தான். காற்று வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கினான். தோளில் இருந்த துண்டைச் சுருட்டி, உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த டர்போவின் வாயில் வைத்து அழுத்தினான்.

துண்டோடு சேர்த்து —

இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதினேன். ஆறு முறையும் அது நன்றாக இருந்தது. அதனால் எடுத்துவிட்டேன்.

இன்ஜின் நின்றது.

5

இனி நான் சந்தேகப்படும் பாத்திரத்தைப் பற்றி.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். வாரண்டி வேண்டுமென்றால் பாகத்தைத் திறக்காமல், மேலே ஒட்டிய கம்பெனி ஸ்டிக்கர் கிழியாமல் அனுப்ப வேண்டும். இது என் கணவருக்குத் தெரியும். அன்று மதியம் மருத்துவமனையிலிருந்து நேராக ஷெட்டுக்குப் போனார். டர்போவைக் கழற்றினார். திறந்தார். பாகம் பாகமாகப் பிரித்து, டீசல் தட்டில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தார்.

அதற்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சுத்தமாக இருந்தன. பைப்பிலிருந்து வந்த கரி உள்ளே சிக்கியிருந்ததா, கம்பெனி போட்ட சீலே மட்டமா? பதில், தட்டில் இருந்த கறுப்பு டீசலோடு கலந்து, ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றப்பட்டுவிட்டது. பைப்பும், எப்போதும் போல, மற்ற தகரங்களோடு சேர்ந்து பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

இதை இரண்டு விதமாக எழுத முடியும்.

ஒன்று: கோதண்டம் உண்மையைத் தெரிந்துகொள்ளத் திறந்தார். கழுவினார், அது வெறும் பழக்கம். பிறகுதான் பார்த்தார். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் டீசலில் கழுவுகிறவர் அவர். எங்கள் வீட்டு மிக்சி ஜார் சுற்றவில்லை என்று கொடுத்தபோது அதையும் கழுவினார். ஒரு வாரம் தேங்காய்ச் சட்னியில் ஷெட் வாசனை வந்தது.

இரண்டு: கோதண்டம் திறந்தார், கரியைப் பார்த்தார், கழுவினார்.

இரண்டிலும் வினைச்சொற்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வரிசை மட்டும் மாறுகிறது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எது உண்மை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒருமுறை கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நெஜமா தெரியலடி. களுவுனதுக்கு அப்பறம்தான் அய்யோன்னு இருந்துச்சி.” நம்பினேன். நம்புவதற்கு எனக்கு வேறு காரணங்களும் இருந்தன.

கடைக்காரர் பாபு வந்து சாக்கின் மேல் இருந்ததைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இன்னாண்ணா, கல்யாணத்துக்குப் பாத்திரம் தேச்ச மாதிரி வச்சிக்கீற? இத்த எட்த்துக்கினு போயி நான் கம்பெனிக்காரனாண்ட இன்னான்னு சொல்றது?” ஆனாலும் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றாராம்.

6

படிவத்தை நிரப்பியது நான்.

என் கணவர் எட்டாவது வரை படித்தவர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டு வரியிலிருந்து ஆதார் வரை எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். அவர் அதன் மேல் கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. எங்கள் திருமணத்தைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் இது ஒன்றாக இருந்தது.

ஏழாவது கேள்வி: ஆயில் பைப் புதிதாக மாற்றப்பட்டதா?

ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘கழுவிப் போட்டோம்’ என்பதற்குக் கட்டம் இல்லை.

அவர் கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன், பைப் மாற்றியதாகப் போட்டுவிடட்டுமா என்று. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டேன். மறுபடி தண்ணீர். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தேன்.

அந்த நேரத்தில் பைப் மாற்றப்படவில்லை என்பது எனக்குத் தெரியுமா? அவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தாரா, பிறகு சொன்னாரா? நேர்மையாகச் சொன்னால்

[இந்த வாக்கியம் இங்கே நிற்கிறது. முடிக்க முயன்றேன்.]

எட்டாவது கேள்வி கோளாறின் விவரம். அதற்குக் கீழே பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். நான் இருபத்து மூன்று வரி எழுதினேன். கோவிந்தன் குடும்பம் அவனை நம்பி இருப்பதை எழுதினேன். அவன் பயணிகளை முதலில் இறக்கியதை எழுதினேன். அனுதாபம் வரும்படி எழுதுவது என் தொழில். என் வாழ்நாளில் நான் எழுதியதில் மிகவும் கவனமாகப் படிக்கப்பட்டது அந்தப் படிவமாகத்தான் இருக்கும். அவர்கள் ஏழாவது கேள்வியைப் படித்துவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார்கள்.

7

பதில் கடிதம் வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் கோவிந்தன் பெயருக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தவள் அவன் மனைவி பானுப்பிரியா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கும் வேலை. எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, படித்துச் சொல்லுங்கக்கா என்று நீட்டினாள்.

நான் படித்தேன். பாகம் திறக்கப்பட்டுச் சுத்தம் செய்யப்பட்டிருப்பதால் உற்பத்திக் குறை எதையும் கண்டறிய இயலவில்லை. பொருத்துநரின் படிவத்தின்படி பொருத்துதல் விதிகள் அனைத்தும் பின்பற்றப்பட்டுள்ளன. எனவே வாரண்டி பொருந்தாது. கடைசிப் பத்தி: ஏற்பட்ட காயம் முழுக்க ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்தது.

நான் எழுதிய ‘ஆம்’ பொருத்தியவரைக் காப்பாற்றிவிட்டது. கழுவிய டீசல் கம்பெனியைக் காப்பாற்றிவிட்டது. தவறு என்று ஒன்று நடந்திருக்கிறதே, அது எங்காவது போய் உட்கார வேண்டும். மிச்சம் இருந்தவன் ஒருவன்தான்.

“வாரண்டி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க பானு” என்றேன். கடைசிப் பத்தியைச் சொல்லவில்லை. மனம் வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பானு என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்கள் தாளின் அடிவரை போனதும் வாய் பாதியில் நின்றதும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. நாள் முழுக்கத் தையல் கோணுகிறதா என்று பார்க்கிற கண்கள் அவை. கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். வேறு யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு கவனக்குறைவு என்ற சொல் தெருவுக்கு வந்துவிட்டது. ஓடுகிற இன்ஜினில் எவனாவது கையை விடுவானா என்று டீக்கடையில் பேசினார்கள். சாவியை எடுத்தும் ஓடியது என்றால் சிரித்தார்கள். விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் என் கணவர். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

கோவிந்தனுக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பாதி மோதிர விரலும் இருக்கின்றன. சோற்றைப் பிசைய முடியாது. இடது கையால் சாப்பிட வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாது என்று, பானு வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சாப்பிடுவதில்லை.

இதை எனக்குச் சொன்னவள் பானுதான், ரேஷன் வரிசையில். சொல்லிவிட்டு, அக்கா, உங்களாண்ட ஒன்னு, என்று ஆரம்பித்தாள். வரிசை நகர்ந்தது. நான் வேகமாக நகர்ந்தேன். இன்னொரு முறை கொரட்டூர் ஸ்டேஷனில் பார்த்தாள். எனக்கு ரயில் வந்துவிட்டது. பால் வாங்கும் இடத்தில் ஒரு முறை. எனக்கு அடுப்பில் ஏதோ இருந்தது. ஒரு பாத்திரம் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன சொல்லப் போகிறது என்று எழுதுகிறவளுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடுவேன். நிஜத்திலும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

8

முடிவுகள்.

அ. கம்பெனியின் மண்டல மேலாளர் கிஷோர், மாங்காட்டில் காமாட்சி அம்மன் சன்னதியில் தற்செயலாகப் பானுவைச் சந்திக்கிறார். அவள் அழுவதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி — வேண்டாம். மூன்று பக்கம் எழுதினேன். மூன்று பக்கமும் தானாக ஓடியது. சாவியை எடுத்தாலும் ஓடுகிற எழுத்து இது.

ஆ. கோதண்டம் ஒரு நாள் காலையில் கோவிந்தன் வீட்டுக்குப் போகிறார். தரையில் உட்காருகிறார். பைப் மாத்தலைடா என்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். கோதண்டமும் இடது கையால் சாப்பிடுகிறார். வாசகிகள் அழுவார்கள். ஆனால் அவரை நான் அந்தத் தெருமுனைக்கு அப்பால் நடக்க வைக்க முடியவில்லை. “பைக்கை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் —” என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. நிஜத்தில் அவர் இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார். அங்கே துணி தேய்க்கிறவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார்.

இ. பழைய இரும்புக் குவியலிலிருந்து அந்தப் பைப் கிடைக்கிறது. நீளவாக்கில் வெட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி சுத்தம். கரியே இல்லை. சீல்தான் மட்டம். குற்றம் முழுக்க எங்கோ இருக்கும் ஒரு தொழிற்சாலையுடையது. என் கணவர் நிரபராதி, நான் நிரபராதி, கோவிந்தனும் நிரபராதி. எனக்கு வேண்டிய முடிவு இதுதான். எவ்வளவு வேண்டும் என்பதை இதை நான் நான்கு முறை திருத்தி எழுதியிருப்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்த மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வரை அதுதான் திட்டமாக இருந்தது.

9

இனி வருவது நடந்தது. அவள் பேசி முடித்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதை எழுத மாட்டேன். என் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். எதிரே அவள். பக்கத்தில் உங்கள் கணவர்.

ஞாயிறு காலை பதினொரு மணி இருக்கும். என் கணவர் கூடத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பானு எப்போதும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கூப்பிடுவாள். அன்று உள்ளே வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து, யாரும் சொல்லாமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நின்றவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

நான் காபி போடப் போனேன்.

“காபி அப்பறம் குடிச்சிக்கிறேன்க்கா. இப்ப எந்திரிச்சிப் போவாதீங்க.”

உட்கார்ந்தேன். அவள் பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பிரித்து டீப்பாயின் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவினாள். நான் நிரப்பிய படிவம். கம்பெனி தன் கடிதத்தோடு அதன் நகலையும் இணைத்திருந்திருக்கிறது. அன்று அவள் அதை என்னிடம் காட்டவில்லை. என் டிக் குறி நகலில் இன்னும் கறுப்பாக இருந்தது.

கோவிந்தன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“எங்க கம்பெனில ஒரு சட்டையில காலர் கோணலா வந்துச்சின்னா, வெட்டுனவங்க நம்பரு, தெச்சவங்க நம்பரு, செக் பண்ணவங்க நம்பரு, மூணும் சீட்டுல எழுதுவாங்கக்கா. என் நம்பரும் வந்துருக்குது. எழுதுன அப்பறம்தான் யாரு தப்புன்னே பேச ஆரம்பிப்பாங்க.” ஏழாவது கேள்வியின் மேல் விரலை வைத்தாள். “இதுல ஒரே ஒரு நம்பருதான் கீது, எங்க ஊட்டுக்காரரோடது.”

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

“பைப்பு மாத்தலன்னு எனக்குத் தெரியும்க்கா. அவரு நேத்து சொன்னாரு. போதும்ணான்னு சொன்னது நான்தான், அதனால நான்தான் தப்புன்னு சொல்லி அளுதாரு. இத்தினி நாளா அத்த வாயில அடக்கி வச்சிக்கினு இருந்துக்கீறாரு.” தாளை மறுபடி நீவினாள். “நானும் ரெண்டு மாசமா அடக்கி வச்சிக்கினுதான் கீறேன். உங்க ஊட்டாண்ட வந்து இந்தத் தாளப் பத்தி எப்பிடிக் கேக்கறதுன்னு.”

எனக்கு அந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது. அவள் தாளைத் திருப்பி, எழுதப்படாத வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி என் பக்கம் நகர்த்தினாள். அதன் மேல் ஒரு பால்பாயிண்ட் பேனாவை வைத்தாள்.

“எழுதிக் குடுங்கக்கா. அண்ணா பைப்ப களுவிப் போட்டத எழுதுங்க. அவரு போதும்னு சொன்னத எழுதுங்க. தொறந்து களுவுனத எழுதுங்க. நீங்க டிக் அடிச்சத எழுதுங்க. கதையா வேணாம்க்கா. பேரு போட்டு, கையெளுத்து போட்டு எழுதிக் குடுங்க.”